ஹெரால்டோட ஏவ்ரில்

டப்பர்ஷா என்கிற குடும்பப்பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. வட இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸுக்கு மேற்கே மேடேறினால் வருகிற எங்கள் ஸ்கார்டன் பள்ளத்தாக்கைத் தாண்டிவிட்டால் அந்தப் பெயரைச் சரியாக எழுதுகிற ஆள் கிடையாது. லண்டன் டெலிபோன் புத்தகத்தில் ஒரே ஒருத்தர் இருந்தார், அவரையும் எழுத்துப் பிழையோடுதான் போட்டிருந்தார்கள். ஆனால் ஸ்கார்டனுக்குள் வந்துவிட்டால் திரும்பின பக்கமெல்லாம் டப்பர்ஷாதான். கசாப்புக்கடைக்காரர் டப்பர்ஷா, அவரிடம் எடை குறைகிறது என்று சண்டை போடுகிறவள் டப்பர்ஷா, சேப்பலில் ஜெபம் சொல்கிறவர் டப்பர்ஷா, பின்வரிசையில் குறட்டை விடுகிறவரும் டப்பர்ஷா.

பெரிய வம்சம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பேச்சில் 'டப்' என்றால் கிடா, 'ஷா' என்றால் தோப்பு. வருஷம் பூராவும் கிடாவை அடைத்து வைத்திருந்து, இலை உதிர்கிற காலத்தில் கதவைத் திறந்து மந்தைக்குள் விடுவார்களே, அந்தத் தோப்பு. அதற்குப் பக்கத்தில் குடியிருந்து நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட எவனுக்கோ அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வரலாறு அவ்வளவுதான், முடிந்தது.

பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு ஒரே பெயர் என்றால் யாரை என்னவென்று கூப்பிடுவது? அதனால் எங்களில் ஆளுக்கொரு பட்டப்பெயர். மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு திரிந்தவரின் பேரன் இன்றுவரை ஈரச்சாக்கு வால்ட்டர். சிலருக்குப் பெற்றவர் பெயரை முன்னால் சேர்ப்போம், ஜோவோட டாம் என்கிற மாதிரி. இதில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பதிவேட்டில் பாதிரியார் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், பட்டப்பெயரில் நாங்கள் உண்மையைத்தான் வைப்போம். முகத்துக்கு நேரே யாரையும் எதுவும் கேட்க மாட்டோம், கூப்பிடும்போது சொல்லிவிடுவோம். அர்த்தத்தை மட்டும் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கவே மாட்டோம். புரிந்தால் புரியட்டும், புரியாவிட்டால் அவர் பாடு.

ஏவ்ரில் கிரீன்வுட் என்கிற பெண்ணை ஊர் அவள் பிறந்த நாளிலிருந்து 'ஹெரால்டோட ஏவ்ரில்' என்றுதான் கூப்பிட்டது. ஹெரால்டு என்பவர் கல்யாணமான டப்பர்ஷா, சாயப்பட்டறையில் மேஸ்திரி. ஏவ்ரிலின் அம்மா நெல்லி கிரீன்வுட் கல்யாணமாகாத நெசவுக்காரி. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

நெல்லிக்குத் தறிச் சத்தத்தில் காது போய்விட்டது. எங்கள் மில் பெண்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். சத்தமில்லாமல் வாயை அகல அசைத்தே பேசிக்கொள்வார்கள், தறிக்கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு குடும்பக் கதையையே சொல்லி முடித்துவிடுவார்கள். நெல்லி நாலு தறி ஓட்டி மகளை வளர்த்தாள். யாரிடமும் கை நீட்டவில்லை, யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்து ஏவ்ரில் அழுதுகொண்டு வந்தால் அம்மா ஒன்றே ஒன்றைத்தான் வாயசைத்துச் சொல்வாள்.

"உனக்கு என் பேரு இருக்குல்ல? அது போதும் போ."

ஏவ்ரிலுக்கு அது போதவில்லை. கிரீன்வுட் ஒரு பெயரா? எங்கள் பக்கத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கிரீன்வுட் மேல்தான் விழும். டப்பர்ஷாதான் இந்தப் பள்ளத்தாக்கை விட்டால் வேறெங்கும் கிடைக்காத பெயர். அம்மாவுக்கு ஒரு ஆளை வழிக்குக் கொண்டுவரத் துப்பில்லை என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டே வளர்ந்தாள்.

ஹெரால்டு சனிக்கிழமைதோறும் அவர்கள் தெரு வழியாகப் போவார். வீடு நெருங்கும்போது எதிர் ஓரத்துக்கு மாறிவிடுவார். போகிற போக்கில், தலையைத் திருப்பாமல், எதிர்ச்சுவரின் மேல் ஒரு பொட்டலம் புதினா மிட்டாய் வைத்துவிட்டுப் போவார். அந்த மிட்டாயை வைத்துக்கொண்டு இந்தப் பெண் ஒரு அப்பாவையே கட்டி எழுப்பிவிட்டாள். வேறு எதுவும் கைவசம் இல்லையே, பாவம்.

மில்லில் சேர்ந்து, மில் மூடி, பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்து அவள் காலம் ஓடியது. கல்யாணம் அமையவில்லை. ஹெரால்டின் மனைவி எதெல் போனபிறகு கிழவர் படுத்துவிட்டார். முறையாகப் பிறந்த பிள்ளை கிளிஃபர்ட் அப்போது ஹாரோகேட் நகரத்தில் பணக்காரர்களுக்குத் தரைவிரிப்பு விற்றுக்கொண்டிருந்தான், கிறிஸ்துமஸுக்கு ஒரு பழக்கூடை அனுப்புவான். கிழவரைக் குளிப்பாட்டி, மலம் துடைத்து, கஞ்சி ஊட்டியது யார்? ஏவ்ரில்தான். கூலிக்கு வந்தவள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார் ஹெரால்டு. கூலியும் கிடையாது, மகள் என்ற வார்த்தையும் கிடையாது. சாகிற அன்றைக்கு "நல்ல பொண்ணு" என்றார். அவள் அதையும் மிட்டாய் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

இனி கிளிஃபர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது தாண்டிய ஆளை அவன் இவன் என்கிறேனே என்று பார்க்காதீர்கள். கூட மூக்கொழுகத் திரிந்தவனுக்கு மரியாதை வைக்க எனக்கு வாய் வரவில்லை.

ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிவந்து ஒரு பழைய ஆட்டுத்தொழுவத்தை வாங்கினான். ஜன்னல் வைத்து, வெள்ளையடித்து, 'டப்பர்ஷா மாளிகை' என்று பித்தளைப் பலகை மாட்டினான். பிறகு உலக டப்பர்ஷா பேரவை என்று ஒன்றை ஆரம்பித்துத் தானே தலைவரானான். தரைவிரிப்பு விற்று ஓய்ந்தவனுக்கு இப்போது வம்சத்தைச் சுருட்டி விரிக்கிற வேலை.

அவன் ஆராய்ச்சிப்படி எங்கள் பெயர் கிடாவிலிருந்து வரவில்லையாம். பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த தூப்பார்த் என்கிற குதிரைவீரனிடமிருந்து வந்ததாம். ஆதாரம் என்னவென்று கேட்டால் தபாலில் வரவழைத்த ஒரு சுவர்க்கேடயத்தைக் காட்டுவான், அதில் சிங்கம் இருக்கும். எங்கள் பள்ளத்தாக்கில் சிங்கம்! நரி வந்தாலே கதவைச் சாத்துகிற ஜனம் நாங்கள்.

பெயர் உலகமெங்கும் பரவிய கதைக்கு ஒரு பெரிய வரைபடம் வைத்திருந்தான், சிவப்புக் குண்டூசிகளோடு. டாஸ்மேனியாவில் ஒரு குண்டூசி. அங்கே போனவன் பக்கத்துப் பண்ணைக் கிடாவைத் திருடி கைவிலங்கோடு கப்பலேற்றப்பட்டவன். கிளிஃபர்ட் அவனை 'மேய்ச்சல் துறை முன்னோடி' என்று எழுதினான். அமெரிக்காவில் ஒரு பஞ்சாலை ஊரில் ஒரு குண்டூசி, அங்கே போனவர்கள் வேலைநிறுத்தத்தில் அடிபட்டு ஓடினவர்கள். அவர்கள் 'தொழில் முனைவோர்' ஆனார்கள். பம்பாய்க்கு நூற்பாலை மேஸ்திரியாகப் போன சாமுவேல் முதல் மழைக்காலத்திலேயே காலராவில் போய்ச்சேர்ந்தான். அதற்கும் ஒரு குண்டூசி குத்தி 'கீழ்த்திசைக் கிளை' என்று எழுதியிருந்தான். கிளையாம்! ஒரு இலைகூட விடவில்லை அந்த ஆள்.

வம்சாவளிப் படத்தில் யாரைச் சேர்க்கலாம், யாரைக் கூடாது என்பதில் மட்டும் ஆள் இரும்பு. கல்யாணத் தேதியையும் பிறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரல் விட்டு எண்ணுவான். மாசக் கணக்கு இடித்தால் அந்தக் கிளையை வெட்டிவிடுவான். செத்துப்போன எத்தனையோ பெண்களின் மானத்தை இப்படி எண்ணியே வாங்கினான். அதே படத்தின் நடுவில் ஹெரால்டின் புகைப்படம் இருந்தது, ராணுவ உடுப்பில், ஒட்டகத்துக்குப் பக்கத்தில். அடியில் தன் கையாலேயே எழுதியிருந்தான்: 'எகிப்து, லிபியா, இத்தாலி. 1941 முதல் 1945 வரை தாய்மண் மிதிக்காத வீரர்.' அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டின் முனையில்: 'மகன் கிளிஃபர்ட், பிறப்பு 1943.'

ஊர் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தது. ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே! நான் சொன்னேனே எங்கள் வழக்கத்தை. அவன் பிறந்ததிலிருந்து ஊருக்கு அவன் 'தபால் கிளிஃப்'. ஹெரால்டு பாலைவனத்திலிருந்து எழுதிய கடிதங்களை எதெல் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த எர்னி என்கிற தபால்காரரின் மூக்கும் தாடையும் அப்படியே அவனுக்கு. அவன் மட்டும் எண்ணவே இல்லை. ஊரார் மாசத்தை எண்ணி எண்ணி, தன் மாசத்தை எண்ண விரல் மிச்சமில்லை போலிருக்கிறது.

ஏவ்ரிலுக்கு நெஞ்சில் பஞ்சுத் தூசி. படியேறினால் மூச்சு விசிலடிக்கும். குளிர்காலத்தை எண்ணிக்கொண்டு இருங்கள் என்கிற மாதிரி டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார். அதிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. சேப்பல் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழி தோண்டுவதில்லை. பழைய குழியில் இடமிருந்தால், குழிக்கு உரிமைக்காரர் சம்மதித்தால், குடும்பத்து ஆளைச் சேர்த்து வைக்கலாம். ஹெரால்டும் எதெலும் கிடக்கிற குழியில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. உரிமை கிளிஃபர்டிடம்.

மாளிகைக்குப் போனாள். தொழுவம் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது.

"கிளிஃப், உங்கப்பா குழியில ஒரு இடம் இருக்குல்ல?"

"இருக்கு. ஏன்?"

"நான் போயிட்டா என்னை அதுல போடுவியா? கல்லுல பேரு ஓரமா, சின்னதா இருந்தாப் போதும்."

கிளிஃபர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வாடிக்கையாளரிடம் இந்த நிறம் கையிருப்பில் இல்லை என்று சொல்லப்போகிற முகம்.

"பாரு ஏவ்ரில், தப்பா எடுத்துக்காத. நீ எங்கப்பாவைப் பார்த்துக்கிட்ட, நான் இல்லேங்கல. ஆனா இது ரத்த சம்பந்தமான விஷயம். உன் பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேருக்கு நேரா வெறும் கோடுதான் இருக்கு. வெறும் கோட்டை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ணட்டும்?"

"ஊர்ல யாரை வேணா கேளேன். என்னை என்னன்னு கூப்பிடறாங்க?"

"பட்டப்பேரா? அய்யய்ய! அதையெல்லாம் ஆதாரம்னு எடுத்துக்கிட்டா வம்சம் என்னத்துக்கு ஆகும்? வெட்டிப் பேச்சு. டப்பர்ஷா ரத்தம்னா டப்பர்ஷா ரத்தம்."

'தபால்' என்கிற வார்த்தை ஏவ்ரிலின் பல் வரைக்கும் வந்தது. கடித்து விழுங்கினாள். ஊர் வழக்கம் ஒரு பக்கம், குழி இவன் கையில் இருக்கிறதே என்கிற பயம் ஒரு பக்கம்.

"ஜூன்ல பேரவைக் கூட்டம் வருது, அது முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம்," என்றான் கிளிஃபர்ட். "அது இருக்கட்டும், கூட்டத்துக்கு டீ, சாப்பாடு எல்லாம் நீ பார்த்துக்கறியா? மாவுக்குள்ள உருளைக்கிழங்கை வெச்சு நீ சுடற கிழங்குப் பை மாதிரி யாருக்கும் வராது."

கேட்டீர்களா? குழியில் இடமில்லை, அடுப்படியில் இடமுண்டு. இவளும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

கூட்டம் ஜூன் மாதம், சேப்பல் பின்மண்டபத்தில். கோடைக்காலம் என்பதால் மழை கொட்டியது. உலகப் பேரவை என்றானே, உலகத்திலிருந்து வந்தது ஒரே ஒருத்தி. டாஸ்மேனியாவில் ஆடு வளர்க்கிற ரொவீனா டப்பர்ஷா. வெயிலில் காய்ந்த முகம், ஆம்பளைக் கை, பெரிய சிரிப்பு. மற்றதெல்லாம் கிழங்குப் பைக்கும் சிவப்புக்கோஸ் ஊறுகாய்க்கும் வந்த உள்ளூர்க் கூட்டம்.

ரொவீனா டீ வாங்க அடுப்படி ஜன்னலுக்கு வந்தாள்.

"நீங்க எந்த டப்பர்ஷாங்க?"

"நான் டப்பர்ஷா இல்லம்மா. டீ ஊத்தறவ."

பக்கத்தில் நின்ற ஈரச்சாக்கு வால்ட்டருக்கு எண்பது வயது, காது பாதி, குரல் மட்டும் ரெண்டு ஆளுக்குக் காணும். "அவ ஹெரால்டோட ஏவ்ரில்!" என்று கத்தினார்.

"அதென்ன, ஹெரால்டோட?"

வால்ட்டர் பட்டப்பெயர் வழக்கத்தை விளக்கினார். முழுக்க இல்லை, சிரிக்கிற பாதியை மட்டும். ரொவீனாவுக்கு ஒரே குஷி. கிளிஃபர்ட் தன் நீண்ட பேச்சில் குதிரைவீரனைக் கப்பலிலிருந்து இறக்கி முடித்து, கேள்வி உண்டா என்று கேட்டதும் அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள்.

"எனக்கு அந்தக் குதிரைக்காரன் வேண்டாங்க. இங்க இருக்கறவங்க எல்லாரும் ஆளுக்கு உங்க பட்டப்பேரைச் சொல்லுங்களேன்!"

"அதெல்லாம் வரலாறு ஆகாது," என்றான் கிளிஃபர்ட்.

யார் கேட்டார்கள் அவனை? மண்டபம் விழித்துக்கொண்டது. "கோழிமூக்கு!" என்றது ஒரு குரல். "சாம்பக்கூடை ஃபிரெட்!" "நான் பாதித்தாலி மார்ஜரி, ஏன்னு கேக்காதீங்க!" ஒவ்வொரு பெயருக்கும் சிரிப்பு கூரையைப் பிய்த்தது. இரண்டு வருஷமாகத் தயாரித்த பேச்சுக்கு ஒரு கைதட்டல்கூட விழாத கிளிஃபர்ட் மைக்கைப் பிடித்தபடி நின்றான். கூட்டம் கைவிட்டுப் போகிறதே என்று பொறுக்கவில்லை. விட்டதைப் பிடிக்க வேண்டுமே.

"எனக்கும் ஒண்ணு இருக்கு!" என்றான். "சின்ன வயசுலேர்ந்து என்னைத் தபால்னுதான் கூப்பிடுவாங்க. தபால் கிளிஃப்! ஏன் தெரியுமா? சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்து நிப்பேன். அப்பவே நான் அவ்வளவு ஒழுங்கு!"

மண்டபத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

ஏவ்ரில் அடுப்படி ஜன்னலில் கெண்டியோடு நின்றாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பழைய நெசவுக்காரிகள் வாயசைத்தது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

'இவனுக்குத் தெரியவே தெரியாதா?'

'அட கர்த்தாவே, மைக்குல வேற சொல்றானே.'

அதோடு போயிருக்கும். ஆனால் வால்ட்டர் இருந்தாரே! சம்பந்தப்பட்டவனே வாய் திறந்து சொல்லிவிட்டான், இனி ஊர் வழக்கம் எதற்கு என்று அவர் நினைத்துவிட்டார். எழுந்து நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சபாஷ்டா கிளிஃப்! நீ தெரிஞ்சு வெச்சிருக்கன்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாது. அந்த டாஸ்மேனியா அம்மாவுக்கு ஒழுங்காச் சொல்லேன்டா. சரி, நான் சொல்றேன். ஹெரால்டு சண்டை முடிஞ்சு வந்த அன்னிக்கு நான் கிடாத்தலைச் சாராயக்கடை வாசல்ல உக்காந்திருக்கேன், எங்கப்பன் உள்ள குடிச்சுக்கிட்டு இருக்கான். ஊரே அங்கதான். நாலு வருஷம் ஒட்டகத்தைப் பார்த்துட்டு வர்றவன் வீட்டுல ரெண்டு வயசுப் பையன் ஓடறான். ஹெரால்டு எதெலைக் கொல்லுவானா, எர்னியை வெட்டுவானான்னு பந்தயமே கட்டிட்டானுங்க."

"வால்ட்டர், உக்காரு," என்று யாரோ இழுத்தார்கள். அவர் காதில் விழவில்லை.

"வந்தான்யா ஹெரால்டு! பையனைத் தோள்ல வெச்சுக்கிட்டு நேரா உள்ள வந்தான். கடை மேசை மேல அவனை நிக்க வெச்சான். 'பாருங்கடா, நான் ஊர்ல இல்லாதப்ப எனக்குத் தபால்ல என்ன வந்திருக்குன்னு! மேல என் பேரு போட்டிருக்கு, நான் வாங்கிக்கிட்டேன்'னான். ஒருத்தன் மூச்சு விடல. அப்புறம் சிரிச்சான் பாரு, கடையே சிரிச்சுது. அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒரு பய வாயைத் திறக்கல. அந்தப் பேரை வெச்சதே அவன்தான். அவன்ல்ல மனுஷன்!"

கிளிஃபர்ட் மெதுவாகத் திரும்பி, பின்சுவரில் கொண்டுவந்து மாட்டியிருந்த தன் வம்சாவளிப் படத்தைப் பார்த்தான். ஒட்டகம், வருஷம், கோடு, வருஷம். அவன் உதடு அசைந்தது. எழுபது வருஷம் கழித்து எண்ணிக்கொண்டிருந்தான். ரொவீனா ஆடு வளர்க்கிறவள், அவள் எப்போதோ எண்ணி முடித்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் இந்தக் காட்சியைப் பார்க்க ஏவ்ரில் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். இப்போது அவள் கிளிஃபர்டைப் பார்க்கவே இல்லை. கெண்டியை ஜன்னல் திட்டில் வைத்தாள். தபால் என்கிற பெயரைக் குடிகாரர்கள் வைத்தார்கள் என்றுதான் அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அப்பா வாயில்லாப்பூச்சி, ஊருக்குப் பயந்தவர், அதனால்தான் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று அவருக்காக அவளே ஒரு நியாயம் செய்து வைத்திருந்தாள். பயந்தவரா? ஊர் முழுக்கக் கூடியிருந்த இடத்தில் இன்னொருத்தன் பிள்ளையைத் தூக்கி மேசைமேல் நிறுத்தி, இவன் என் பிள்ளை என்று சொல்லத் தெரிந்திருக்கிறது அந்த மனுஷனுக்கு. அதே வாய்தான். இரண்டு வருஷம் கழித்துச் சொந்த ரத்தம் பிறந்தபோது அந்த வாயில் என்ன அடைத்திருந்தது? கிளிஃபர்டை ஏற்றால் பெரிய மனசு என்று பெயர், அவளை ஏற்றால் கெட்ட பெயர். கணக்குப் பார்த்திருக்கிறார். அதற்கு ஒரு பொட்டலம் மிட்டாய்.

கூட்டம் கலைந்தது. எங்கள் ஜனத்துக்கு இந்த மாதிரி நேரத்தில் குடையைத் தேடுவதில் அபாரமான அக்கறை வந்துவிடும். ஏவ்ரில் அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது கிளிஃபர்ட் வந்தான். கழுத்துப்பட்டை அவிழ்ந்து தொங்கியது.

"உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும், கிளிஃப்."

"அன்னிக்கு என் வீட்டுக்கு வந்தியே. அப்பவே என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

அவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அந்த இடம் உனக்குத்தான் ஏவ்ரில்," என்றான். "அவரு ரத்தம் நீதான். நான் என்னத்துக்கு அங்க? கல்லுல உன் பேரை டப்பர்ஷான்னே போடச் சொல்றேன். பெரிய எழுத்துல."

அவள் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஏவ்ரில் ஈரக் கையை முன்கட்டுத் துணியில் துடைத்தாள். மூச்சு விசிலடித்தது, அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"அந்த ஆளு உன்னை மேசை மேல தூக்கி நிறுத்தினாரு. என்னைப் பார்த்து எதிர் ஓரத்துக்குப் போனாரு. ஆறு வருஷம் அவரு பீயை அள்ளினேன், கூலிக்காரின்னாரு. அவரு பக்கத்துல நான் என்னத்துக்குப் படுக்கணும்? செத்தப்புறமும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. நீயே படு. உன்னைத்தான் கேட்டு வாங்கினாரு."

"நான் டப்பர்ஷாவே இல்லியே, ஏவ்ரில்!"

"இருந்தவன் மட்டும் என்னத்தைக் கிழிச்சான்? கிடாவை அடைச்சு வெக்கிற தோப்புடா அது. கதவைத் திறந்து விட்டா யாரு வேணா பிறப்பாங்க. சும்மா உக்காந்திருக்காத, அந்தத் துணியை எடுத்து இந்தக் கோப்பையெல்லாம் தொடை."

கிளிஃபர்ட் எழுந்து துணியை எடுத்தான். பத்துக் கோப்பையாவது துடைத்திருப்பான். அதற்கு முன் அவன் ஏதாவது பாத்திரத்தைத் துடைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த வாரம் மழை விட்ட ஒரு காலையில் ஏவ்ரில் பஸ் பிடித்து மேட்டின் உச்சிக்குப் போனாள். நகராட்சிக் கல்லறை அங்கேதான், சேப்பலில் இடம் கிடைக்காதவர்களுக்கு. காற்று ஆளைத் தள்ளும். நெல்லியின் கல் ஒரு பக்கம் சாய்ந்து, புல் மூடிக் கிடந்தது. மகள் அங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கிழவரைப் பார்த்துக்கொண்ட காலத்தில் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டாள். நேரம் இருந்தது, மனசுதான் இல்லை. மண்டி போட்டுப் புல்லைப் பிடுங்கினாள். பிடுங்கிக்கொண்டே அழுதாள், சத்தமாகவே. அங்கே கேட்க ஆளில்லை, கேட்க வேண்டியவளுக்கு உயிரோடு இருந்தபோதே காது கிடையாது. அதனால் நிமிர்ந்து, கல்லைப் பார்த்து, மில்லில் பேசுகிற மாதிரி வாயை அகல அசைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வாசலில் கல்லறைக் காவலாளி சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். சின்ன வயசு, ஊருக்குப் புதுசு.

"தம்பி, அந்தச் சாஞ்ச கல்லு இருக்குல்ல, அந்தக் குழியில இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

"இருக்கும்மா, பெரிய குழிதான். யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவன் பம்பைக் கீழே வைத்தான். "பேரு?"

"ஏவ்ரில் கிரீன்வுட்."

"கிரீன்வுட்டா! இந்த மேட்டுல பாதி கிரீன்வுட்தானே. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? எந்த ஏவ்ரில் நீங்க?"

அறுபத்தொன்பது வருஷமாக அதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. வாய் பழக்கத்தில் அதற்கே திறந்தது. அவள் மூடிக்கொண்டு, மூச்சைச் சரிசெய்துகொண்டாள்.

"நெல்லியோட ஏவ்ரில்," என்றாள்.